பேரலைக்குப் பின்னால் ஒரு பல்லி

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவர் மழைக்காலத்தில் ஓதம் காக்கும், மே மாதத்தில் தோசைக்கல்லாகக் காயும். அதில் மாட்டியிருந்த அப்பா அம்மா கல்யாண போட்டோவில், கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சை பிடித்து அப்பாவின் மீசை பாதி போய்விட்டது. அப்புறம்தான் அலுமினியத் தகட்டில் அச்சடித்த ஓவியங்களைத் தேட ஆரம்பித்தேன். கண்ணாடியும் இல்லை, காகிதமும் இல்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

முதலில் வாங்கியது வான்கோ 1889-ல் வரைந்த ‘நட்சத்திர இரவு’. 18க்கு 12 அங்குலம், பளபளப்பு ரகம். இரண்டுமே தப்பு. அசல் ஓவியம் 92.1 செ.மீ. அகலம், 73.7 செ.மீ. உயரம். ஐந்துக்கு நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மூன்றுக்கு இரண்டில் அடக்க மேலும் கீழும் வெட்டியதில், வானைத் தொடுகிற சைப்ரஸ் மரம் மொட்டையாகிவிட்டது. போதாக்குறைக்கு, டியூப் லைட் போட்டால் வானத்தில் நீளமாக இன்னொரு நிலா.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வான்கோ வண்ணத்தை அப்பி அப்பி வைத்தவர். தகட்டில் அச்சடிக்கும் இந்த முறையில், தாளில் அச்சிட்ட சாயத்தைத் தகட்டோடு சேர்த்து 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றி அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகி, தகட்டின் மேல்பூச்சுக்குள் இறங்கிவிடும். தடவிப் பார்த்தால் வழவழவென்று எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கிறது. தூரிகை போன தடமே கைக்குத் தட்டவில்லை.

அடுத்து, அளவு பார்த்து, பளபளப்பில்லாத மேட் ரகத்தில் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’யை வாங்கினேன். 1831 வாக்கில் வந்த படம். அது பிறப்பிலேயே அச்சுதான். மரப்பலகையில் செதுக்கித் தாளில் ஒற்றியது. தட்டையான நீலம், கூரான கோடு. தகட்டுக்கு மாறியும் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

“இன்னாடி, பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, அதுவா?” என்றார் அம்மா. 2021 நவம்பரைச் சொல்கிறார். அலைக்கு நடுவே சுண்டைக்காய் அளவில் நிற்பது ஃபூஜி மலை என்று அவருக்குப் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று.

பின்னால் ஒட்டிய கட்டையால் தகடு சுவரைத் தொடாமல் அரை அங்குலம் தள்ளி நிற்கிறது. அந்தச் சந்தில் ஒரு பல்லி குடிவந்துவிட்டது. விளக்கு போட்டதும் நுரைக்கு மேலே தலையை நீட்டும். விரட்டப் போனேன், அம்மா விடவில்லை.

“ஓதம் இல்லாத எடமா பாத்துப் பூந்துகிச்சி, இருந்துட்டுப் போவட்டும்.”