ஆள் குறையும் ஊரும் அதன் பந்து அணியும்

நான் பிறந்த ஊர் குமரி மாவட்டத்தில் தூத்தூருக்கும் நீரோடிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இருக்கிறது. அங்கே பந்து என்றால் கால்பந்துதான். மற்ற பந்துகளுக்குத்தான் பெயர் சொல்ல வேண்டும். இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் இந்தியாவின் தொழில்முறைக் கால்பந்துப் போட்டிகளான ஐ லீக்கிலும் ஐ.எஸ்.எல்.லிலும் ஆடிப் பெயர் பெற்ற பிறகு இந்தக் கரையின் பந்துகளியை வெளியார் பலர் அறிந்தார்கள். எங்களுக்கோ அது தாத்தா காலத்துச் சொத்து. ஈஸ்டர் முடிந்த வாரங்களில், ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுக்காரர்கள் வீடு வந்திருக்கும் நாட்களில், கோயில் மைதானத்தில் எங்கள் கிளப் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்தும். கோயில் என்று நாங்கள் சொல்வது பங்குத் தேவாலயத்தை.

இந்த ஆண்டு இறுதி ஆட்டத்தின்போது கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு மூங்கிலை நட்டு, அதன் நுனியில் கைபேசியைக் கட்டி நேரலை விட்டார்கள். காற்றில் மூங்கில் ஆடும்போதெல்லாம் படமும் ஆடியது. ஒரு பையன் இரண்டு மணி நேரமும் மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றான். மைதானத்தைச் சுற்றி நின்றவர்களைவிட அந்தக் கைபேசிக்குள் இருந்து பார்த்தவர்கள் அதிகம். குவைத்திலும் சார்ஜாவிலும் பணிமுடிந்து வந்தவர்கள் அறைக்குள் கூடியிருந்து பார்த்தார்கள். கோப்பை, ஜெர்சி, நடுவர் படி எல்லாம் அவர்கள் அனுப்பிய பணத்தில் வந்தவை. ஆனால் மைதானத்தில் எங்கள் ஜெர்சி போட்டு நின்ற பதினொருவரில் நால்வர் காசு கொடுத்துக் கூப்பிட்ட கெஸ்ட் பிளேயர்கள். எங்கள் ஊர்ப் பையன்களில் பந்து தொடத் தெரிந்தவர்கள் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்து இந்தக் கரையின் வீடுகள் பலவற்றை ஆளில்லாமல் ஆக்கிய பிறகு, மகனைக் கடலுக்கு விடாமல் எங்காவது அனுப்பிவிட வேண்டும் என்று நினைக்காத தாய் எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் இல்லை. அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆட்டம் முடிந்த இரவு இந்தக் கவலையை என் அக்கா மகளிடம் சொன்னேன். அவள் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியர். "மாமா, இந்த ஊரிலும் ஆள் பாதியாகக் குறைஞ்சாச்சு. ஆனா ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்னா வார்டு முழுக்க நீல நிறம்தான். நோயாளிகூட நீல சட்டை கேட்பார்" என்றாள். அன்று தொடங்கி அந்த ஊரைப் பற்றியும் அதன் பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றியும் படித்துவருகிறேன். அது எங்கள் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஊர் சுருங்கினால் அணி நிற்குமா என்ற கேள்வி எனக்குத் தொலைதேசத்து வேடிக்கையாகப் படவில்லை.

பஃபலோ 1825-இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயால் வளர்ந்த ஊர். தானியக் கிடங்குகளும் உருக்காலைகளும் நிறைந்திருந்த அந்த நகரத்தில் 1950-இல் 5,80,132 பேர் வசித்தார்கள். 1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்ததும் கப்பல்கள் பஃபலோவில் சரக்கை இறக்காமல் நேராகப் போகத் தொடங்கின. 1980-களின் தொடக்கத்தில் பக்கத்து ஊரான லாக்கவானாவின் பெரிய உருக்காலையும் உருக்கு வார்ப்பதை நிறுத்தியது. 2010-இல் எண்ணியபோது 2,61,310 பேர்தான் இருந்தார்கள். 2020-இல் சற்றே ஏறி 2,78,349. எழுபது ஆண்டுகளில் பாதிக்கு மேல் போய்விட்ட ஊர். அந்த ஊரின் அணியோ 1960-இல் ஆடத் தொடங்கி இன்றுவரை இடம்பெயரவில்லை.

காரணத்தைத் தேடினால் முதலில் கையில் கிடைப்பது பக்தி அல்ல, பங்குக் கணக்கு. 1961-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், பஃபலோ இன்று ஆடும் தேசியக் கால்பந்து லீக்கின் அணிகள் எல்லாம் சேர்ந்து தொலைக்காட்சி உரிமையை ஒன்றாக விற்க வழிவிட்டது. அந்தப் பணத்தை நியூயார்க் அணிக்கு ஒரு அளவு, பஃபலோ அணிக்கு ஒரு அளவு என்று பிரிப்பதில்லை. எங்கள் படகுகளில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில் தொழிலாளிகளுக்குச் சமபங்கு வைப்பதுபோல, இன்று 32 அணிகளுக்கும் சரிசமமாகப் பிரிக்கிறார்கள். 2021-இல் கையெழுத்தான பதினொரு ஆண்டு ஒப்பந்தங்களின் மதிப்பு 11,000 கோடி டாலருக்கும் மேல் என்று செய்திகள் சொல்லின. இவ்வளவு பெரிய பொதுப் பானையிலிருந்து சம அகப்பை கிடைக்கும்போது, உள்ளூரில் டிக்கெட் வாங்க மூன்று லட்சம் பேர் குறைந்துபோனது அணியின் உயிரைத் தொடுவதில்லை. அதே பஃபலோவில் பிரேவ்ஸ் என்றொரு கூடைப்பந்து அணியும் இருந்தது. அது 1978-இல் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. ஊர் ஒன்றே, ரசிகர்களும் ஏறத்தாழ அவர்களே. வேறுபட்டவை லீக்கின் பணம் பிரிக்கும் முறையும் உரிமையாளரின் மனமும்தான்.

உரிமையாளரின் மனம் என்று சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டும். கால்பந்து லீக்கிலேயே ஆடிய கிளீவ்லாந்து நகரத்தின் பிரவுன்ஸ் அணி, மைதானம் நிறைய ஆட்கள் வந்துகொண்டிருந்தபோதே, 1995 நவம்பரில், பால்டிமோருக்குப் போவதாக அதன் உரிமையாளர் அறிவித்தார். பால்டிமோரின் அணியோ அதற்கு முன்னரே, 1984 மார்ச் மாத இரவொன்றில், பனிக்கிடையில் லாரிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிசுக்குப் போயிருந்தது. கிளீவ்லாந்து மக்கள் நீதிமன்றம் வரை போய் அணியின் பெயரையும் நிறத்தையும் பழைய வெற்றிகளின் கணக்கையும் ஊரிலேயே நிறுத்திவைத்தார்கள். 1999-இல் அதே பெயரில் புதிய அணி வந்தது. நடுவில் மூன்று பருவங்கள் ஊர் அணியில்லாமல் கிடந்தது. ஆள் குறைந்த ஊரை அணி கைவிடுவது பெரும்பாலும் ஆள் குறைந்ததால் மட்டும் நடப்பதில்லை. வேறொரு ஊர் அரசுப் பணத்தில் புது அரங்கு கட்டித் தருவதாக ஆசை காட்டும்போது நடக்கிறது.

பஃபலோவும் அந்த அச்சத்தில்தான் பணம் கொடுத்தது. அணியைத் தொடங்கிய ரால்ஃப் வில்சன் 2014-இல் இறந்தபின் பெகுலா தம்பதியர் 140 கோடி டாலருக்கு அதை வாங்கினார்கள். 2022-இல் புதிய அரங்குக்கு ஒப்பந்தம் எழுதியபோது நியூயார்க் மாநில அரசு 60 கோடி டாலரும் ஈரி மாவட்ட நிர்வாகம் 25 கோடி டாலரும் தருவதென்று முடிவாயிற்று. அப்போது 140 கோடி என்று போட்ட மதிப்பீடு பிறகு 200 கோடியைத் தாண்டியது. கூடிய செலவு அணியின் பொறுப்பு என்பது ஒரு ஆறுதல். பதிலுக்கு முப்பது ஆண்டுகள் அணி அங்கேயே ஆடும். புதிய அரங்கு பழையதைவிடச் சிறியது. பருவம் முழுவதற்கும் இருக்கை வேண்டுமென்றால் டிக்கெட்டுக்கு முன்னால் இருக்கை உரிமத்துக்கென ஒரு தொகை தனியாகக் கட்ட வேண்டும்.

இதை என்னால் மகிழ்ச்சியோடு படிக்க முடியவில்லை. நகரத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் ஊர் அது. அரங்குகளுக்குக் கொட்டும் அரசுப் பணம் வரியாகவும் வேலைவாய்ப்பாகவும் திரும்பி வருவதில்லை என்பதில் பொருளாதார ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடே கிடையாது. என் அக்கா மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பனி விழுந்து அரங்கு மூடிப்போனால் ஊர் ஆட்கள் மண்வெட்டியோடு போய் அள்ளுவதையும், 1991 தொடங்கித் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இறுதிப் போட்டியில் தோற்ற அணியை அந்த ஊர் இன்றும் சொந்தப் பிள்ளையைப்போல் பேசுவதையும் கண்ணால் பார்ப்பவள் அவள். ஆலையும் போய், பிள்ளைகளும் போய், அணியும் போயிருந்தால் அங்கே என்ன மிஞ்சும் என்று கேட்டாள். அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவ்வளவு பணம் கொடுக்கும் மக்களுக்கு அணியில் ஒரு சிறு பங்காவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அப்படி எழுதிக் கொடுத்த ஊர் ஒன்று இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு உறுதியோடு சொல்கிறேன். விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரத்தில் 2020 கணக்குப்படி 1,07,395 பேர். 2011-இல் 2,24,849 பேர் இருந்த நம் நாகர்கோவிலில் பாதிகூட இல்லை. அந்தச் சிற்றூரின் பேக்கர்ஸ் அணி 1919-இல் தொடங்கியது. பணமுடை வந்தபோது 1923-இல் ஊர்க்காரர்களிடம் பங்கு விற்றார்கள். பிறகு 1935, 1950 என்று தேவைப்பட்டபோதெல்லாம் விற்று, கடைசியாக 2021-22-இல் விற்றபின் பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். அந்தப் பங்குக்கு இலாபம் கிடையாது. அதை வெளியே விற்கவும் முடியாது. அணியைக் கலைத்தால் வரும் பணம் அறப்பணிக்குத்தான் போகும். எனவே அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய் இலாபம் பார்க்கும் ஆசை யாருக்கும் எழ வழியில்லை. 81,441 பேர் அமரும் லேம்போ மைதானத்தில் 1960 முதல் பருவ டிக்கெட்டுகள் மிஞ்சியதில்லை. காத்திருப்போர் பட்டியலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள். பங்குதாரர்கள் இருப்பதால் அந்த அணி மட்டும் ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுகிறது. 2024-இல் வெளியான கணக்கில் லீக்கிலிருந்து வந்த பங்கு 40 கோடி டாலருக்கு மேல். மொத்த வருவாயில் பாதியைத் தாண்டிய தொகை. சமபங்கும் ஊர் உரிமையும் சேர்ந்தால் சிற்றூரும் அணியைத் தாங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இந்த மாதிரி உடைமையை இன்னொரு அணி பின்பற்ற லீக்கின் விதிகள் இப்போது இடம் தருவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை இன்னும் தளர்ச்சியானது. ஐ.எஸ்.எல்.லில் 2019-இல் டெல்லி அணி புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆயிற்று, அதே ஆண்டு புனே அணியின் இடத்தில் ஹைதராபாத் வந்தது, 2025-இல் அந்த ஹைதராபாத் அணியே டெல்லிக்குப் போயிற்று. 2018-19-இல் ஐ லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி, பெயரில் சென்னையை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் ஆடியது. இவற்றில் ஒன்றுகூட ஆள் குறைந்த ஊரில்லை. எங்கள் கரைக்கு இன்று மிக அருகே இருக்கும் தொழில்முறை அணி 2024-இல் கேரளத்தில் தொடங்கிய சூப்பர் லீக்கின் திருவனந்தபுரம் கொம்பன்ஸ். பஸ் ஏறினால் போய்விடலாம்.

பிட்ஸ்பர்க்கையும் சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு மிக நெருங்கிய கதை அதுதான். 1950-இல் 6,76,806 பேர் இருந்த அந்த உருக்கு நகரத்தில் 2020-இல் 3,02,971 பேர். 1970-களின் இறுதியிலும் 80-களிலும் ஆலைகள் மூடிப் பிழைப்புக்காகப் பிரிந்து போனவர்கள் தங்கள் ஸ்டீலர்ஸ் அணியையும் கூடவே எடுத்துப்போனார்கள். இன்று அந்த அணி எந்த ஊரில் ஆடினாலும் அரங்கின் ஒரு பகுதி கறுப்பும் மஞ்சளுமாகத்தான் இருக்கும். ஊரைவிட்டுப் போனவர்கள் ரசிகர் கணக்கிலிருந்து போய்விடவில்லை. எங்கள் குவைத்து அறைகளையும் சார்ஜா அறைகளையும் நினைத்துக்கொண்டுதான் இதைப் படித்தேன்.

இந்தக் கதைகளையெல்லாம் எங்கள் ஆசானிடம் ஒரு மாலை சொன்னேன். ஆசான் என்று பயிற்சியாளரை அழைப்பது எங்கள் வழக்கம். அவர் வலையை மடித்துக்கொண்டே கேட்டார். ஈரம் உலராத வலையை மடித்தால் கயிறு அழுகும் என்பதால் ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்ப்பது அவர் பழக்கம்.

"மக்கா, அங்க மூணு லட்சம் பேரு போனாலும் டீம் நிக்கும். களிக்கதுக்கு ஆள வெலைக்கு எடுப்பான். பாக்கதுக்கு ஆளு இருந்தா போதும். நமக்கு அப்பிடியா? இங்க பத்துப் பையன் போனா டீம் இல்ல."

எனக்குப் படிப்பில் பிடிபடாத முடிச்சு அதில் அவிழ்ந்தது. பஃபலோவுக்கு ஊரில் பிறந்த ஆட்டக்காரன் ஒருவன்கூடத் தேவையில்லை. பணமும் பார்வையாளரும் போதும். எங்களுக்குப் பணம் குவைத்திலிருந்து வருகிறது, பார்வையாளர் கைபேசியில் வருகிறார்கள், வராதது கால்கள். தமிழ்நாட்டின் பிள்ளைப்பேற்று விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8, இருக்கும் தலைமுறையை ஈடுகட்டத் தேவையானது 2.1. எங்கள் வேதபாட வகுப்பில் நான் படித்தபோது ஒரு பெஞ்சுக்கு ஆறு பேர் நெருக்கியடித்து இருந்தோம். இப்போது அதே பெஞ்சில் மூன்று பேர் தாராளமாக இருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் கிளப்பின் கூட்டத்தில் நான் இரண்டு காரியங்களைக் கேட்டேன். ஒன்று, வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணத்தில் கெஸ்ட் பிளேயர்களுக்குக் கொடுக்கும் பகுதியை நிறுத்தி, பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பயிற்சிக்குக் கொடுப்பது. கோப்பை ஓரிரு ஆண்டு கைவிட்டுப் போகும், போகட்டும். இரண்டாவது, பணம் அனுப்புகிறவர்கள் பெயரையும் உறுப்பினர் பேரேட்டில் எழுதி, கணக்கை ஆண்டுக்கொருமுறை அவர்களுக்கும் காட்டுவது. இரண்டாவதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். முதலாவதற்கு நல்ல எதிர்ப்பு. பக்கத்து ஊரிடம் தோற்றுக்கொண்டே ஒரு வருடத்தைக் கடத்துவது எளிதல்ல என்று படகு முதலாளி ஒருவர் சொன்னதை நான் மதிக்கிறேன். அவரும் அந்த மைதானத்தில் முட்டி உடைத்துக்கொண்டவர்தான். கடைசியில் நால்வருக்குப் பதிலாக இரண்டு கெஸ்ட் பிளேயர்கள் என்று முடிவாயிற்று.

சென்ற சனிக்கிழமை பிள்ளைகளின் பெயரைப் பதிந்தோம். பத்தொன்பது பேர் வந்தார்கள். அவர்களில் ஐவர் பெண்பிள்ளைகள். ஆசான் எல்லோருடைய பாதத்தையும் தாளில் வைத்து அளவு வரைந்துகொண்டார், பூட்ஸ் வாங்க. அந்தத் தாளை நான் படம் எடுத்துக் குவைத்துக்கும் சார்ஜாவுக்கும் பஃபலோவுக்கும் அனுப்பியிருக்கிறேன். பயிற்சி ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதன்கிழமையும் மாலை ஐந்தரைக்கு.