சேர் வட்டமிட்ட சொற்றொடர்

1994 அது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று நாலு வருடம். ஜாம் போத்தல் விளக்கில்தான் எங்கள் படிப்பு. ஆங்கில மரபுத்தொடர்களுக்கென்று தனிக் கொப்பி வைத்திருக்க வேண்டும் என்பது ஆங்கிலம் படிப்பித்த சேரின் கட்டளை. அதில் எனக்குப் பிடித்தது 'கோ த்ரூ ஹெல்'. 'நாய் படாத பாடு' என்று வீட்டில் சொல்வதைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

அந்தத் தவணை, கிளாலியால் கொழும்பு போய்வந்ததைக் கட்டுரையாக எழுதினேன். ஆனையிறவுத் தரைப்பாதை மூடியிருந்ததால் சனம் கடற்படைக்குப் பயந்து இரவில் கிளாலிக் கடலேரியைக் கடந்த காலம். 'வீ வென்ட் த்ரூ ஹெல்' என்று ஒரே வரியில் பயணத்தை முடித்துவிட்டேன். சேர் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"வள்ளத்தில எத்தனை பேர்? தண்ணி உள்ளுக்கு வந்ததோ? அம்மா என்ன செய்துகொண்டிருந்தவ?"

சொன்னேன். இயந்திரப் படகின் பின்னால் கயிற்றில் கட்டிய வள்ளங்கள், ஒரு வெளிச்சமும் இல்லை, அம்மா தங்கச்சியின் வாயைப் பொத்தியபடி.

"இப்ப சொன்னதை எழுதும். பிறகும் உந்தச் சொல்லுத் தேவையெண்டால் போடும்."

எழுதத் தொடங்கினேன், முடிக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 வந்தது, இராணுவம் நெருங்க யாழ்ப்பாணச் சனம் ஒன்றாக இடம்பெயர்ந்த நாள். கொப்பி வீட்டோடு போயிற்று. சாவகச்சேரி சுமார் 15 கிலோமீற்றர்தான். அதற்கு இரவு முழுக்க நடந்தும் போதவில்லை. சைக்கிள் கரியரில் அம்மம்மா. நாவற்குழிப் பாலத்தடியில் அடி வைக்க இடமில்லை. மழை கொட்டியது, குடிக்கத் தண்ணீர் இல்லை. குடையைக் கவிழ்த்து மழைநீரை ஏந்தி அம்மம்மாவுக்குக் கொடுத்தோம்.

1998இல் லண்டனில் அகதி விண்ணப்ப நேர்காணல். இதையெல்லாம் தமிழில் நெடுநேரம் சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் ஒரே வரியில் முடித்தார்: 'தே வென்ட் த்ரூ ஹெல்.' அவர் மனதறிந்து கெடுதல் செய்யவில்லை. ஆனால் பாலம் எங்கே? அம்மம்மா எங்கே? அதிகாரியின் பேனா அசையவே இல்லை.

"நோ" என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தடுமாறித் தடுமாறி, முதலில் இருந்து தொடங்கினேன். குடைக்கு வந்தபோது அதிகாரி நிமிர்ந்தார். பாலத்தைக் கடக்க எத்தனை மணித்தியாலம் என்று கேட்டு எழுதத் தொடங்கினார்.

2010இல் ஊருக்குப் போனபோது சேரைப் பார்த்து இதைச் சொன்னேன். கண் பார்வை மங்கியிருந்தது. என் கையைப் பிடித்தபடி கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"அந்த வள்ளத்துக் கட்டுரையை எப்ப தம்பி தரப்போறீர்?"