எக்ஸ்ரே எடுத்தா புள்ளைக்கு மூளை கெட்டுடுமா?

சுங்கை சிப்புட் பக்கம் நம்ம ஆளுங்களுக்கு ரேடியேஷன்னா போன் டவர், மைக்ரோவேவ், எக்ஸ்ரே எல்லாம் ஒரே கணக்குதான். என் தம்பி பொண்டாட்டி விடாத இருமலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தா, அப்புறந்தான் தெரிஞ்சது மாசமா இருக்கான்னு, அதுலேர்ந்து வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் ஆளுக்கொரு கதை சொல்லிட்டுப் போறாங்க, ஒரு அக்கா கலைச்சிடுன்னே சொல்லிட்டாங்க. வந்துச்சு பாருங்க கோவம்.

பயத்துக்குக் காரணமே இல்லன்னு சொல்ல மாட்டேன். 1945ல ஹிரோஷிமா, நாகசாக்கியில குண்டு விழுந்தப்ப வயித்துல இருந்த புள்ளைங்க சுமார் 1600 பேர வருஷக்கணக்கா கவனிச்சதுல 30 பேருக்கு அறிவு வளர்ச்சி ரொம்பவே குறைஞ்சு போயிருந்துச்சு, சிலருக்குத் தலையும் சின்னது. ஆனா கரு உண்டாகி 8லேர்ந்து 15 வாரத்துல கதிர் பட்டவங்களுக்குத்தான் அடி அதிகம், 16லேர்ந்து 25 வரைக்கும் கம்மி, 8க்கு முன்னாடி இந்தக் குறை கூடுனதா தெரியல. ஏன்னா அந்த வாரங்கள்லதான் மூளை செல்லுங்க உள்பக்கம் மளமளன்னு பெருகி, அங்கேருந்து மேல ஏறிப் போய் அதது எடத்துல உக்காருது, நர்சரியிலேர்ந்து செம்பனைக் கன்னு எடுத்து நடற மாதிரி. அப்ப கதிர் பலமா பட்டா சிலது செத்துடும், சிலது பாதி வழியிலயே நின்னுடும். இன்னொன்னு, கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) மாசமா இருக்கறவங்களோட பிங்க் புக்ல எழுதற வாரம் கடைசி பீரியட்லேர்ந்து, அதனால ரெண்டு வாரம் கூட்டிக்கணும், 10லேர்ந்து 17.

சரி, எவ்வளவு கதிர்? உடம்புல ஏறுற கதிர மில்லிகிரேன்னு அளப்பாங்க, 100 மில்லிகிரேக்குக் கீழ மூளைக்குப் பாதிப்பு வந்ததா காட்ட முடியல. நெஞ்சு எக்ஸ்ரேயில கருவுக்குப் போறது 0.01 மில்லிகிரே கூட இல்ல, மண்ணுலேர்ந்தும் வானத்துலேர்ந்தும் ஒம்பது மாசத்துல சும்மா வர்றதே அத விட பல மடங்கு. வயித்துக்கு சிடி ஸ்கேன் எடுத்தா 10, 20ன்னு ஏறும், அதுவும் 100க்குக் கீழதான். கேன்சருக்கு இடுப்புப் பக்கம் கதிர் வைக்கிறதுதான் நெஜமாவே யோசிக்க வேண்டியது. அல்ட்ராசவுண்ட் வெறும் சத்தம் லா, டவர் இந்தக் கணக்குலயே வராது. அதுக்காக கம்முனு இருந்துடாதீங்க, பீரியட் தள்ளிப் போயிருந்தா எக்ஸ்ரே எடுக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

எக்ஸ்ரே எடுத்தப்ப தம்பி பொண்டாட்டிக்கு அஞ்சு வாரம் கூட இருக்காது. இருமல் இன்னும் நிக்கல, டிபியான்னு பாக்க சளி டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கு, டிபியா இருந்து மருந்து எடுக்காம விட்டாதான் தாய்க்கும் புள்ளைக்கும் ஆபத்து. அந்த ரிசல்ட் வந்துச்சான்னு ஒரு அக்காவும் கேக்கல.