கோரம் சேராத சங்கத்தில் தலைவராக இருந்த காலம்

எங்கள் சேவைச் சங்கத்தில் தலைவர் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பொதுக்குழுவுக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சேர்வதே பெரும்பாடாக இருந்தது. குறித்த நேரம் தாண்டி அரை மணி காத்திருப்போம். ஆள் வராது. துணைவிதியில் இடம் இருந்ததால், கூட்டத்தை ஒத்திவைத்து உடனே மறுபடி கூட்டி, இருக்கிறவர்களை வைத்தே தீர்மானங்களை நிறைவேற்றுவோம். விதிப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வராதவர்கள் கட்டிய சந்தாவையும் சேர்த்துத்தானே அந்தச் சிலர் செலவு செய்கிறோம் என்ற உறுத்தல் எனக்கு இருந்தது.

"உறுப்பினர்களுக்கு ஆர்வம் இல்லை" என்றே செயற்குழுவில் எல்லோரும் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாக வந்து சேர்ந்தவருக்கு ஆர்வம் இல்லாமலா இருக்கும்? உறுப்பினர் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டேன். வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்டால் மனதில் இருப்பதை எழுத மாட்டார்கள். எதற்காகச் சேர்ந்தீர்கள், அது நடந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேச விட்டேன்.

கணக்குத் துறையில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், சங்கத்தின் கணக்கை ஒருமுறைகூட யாரும் தன்னிடம் காட்டியதில்லை என்றார். ஓர் இளம் உறுப்பினர் சொன்னது இன்னும் நேரடியாக இருந்தது: "எல்லாம் முடிவான பிறகுதான் எங்களைக் கூப்பிடுறீங்க. கை தூக்க மட்டும் எதுக்கு வரணும்?" சேர்ந்த அன்று மேடைக்கு அழைத்து அறிமுகம் செய்ததோடு சரி, அப்புறம் ஒரு வேலையும் தரவில்லை என்று வேறு பலரும் வருத்தப்பட்டார்கள்.

கூட்டாகச் செய்யும் வேலையில் ஒவ்வொருவரும் ஏன் ஒதுங்குகிறார்கள் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, முடிவை 1913-ல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது, ஒவ்வொருவரும் தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதி பலம்தான் வெளிப்பட்டது. ஒரே நேரத்தில் இழுப்பதில் ஒத்திசைவு தவறுவது ஒரு காரணம். தன் பங்கு தனியாகத் தெரியாது என்ற எண்ணம் இன்னொன்று. அவரவர் பங்கு தெரியும்படி செய்தால் இந்தச் சோர்வு பெருமளவு குறைவதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். எங்கள் சங்கத்தில் "எல்லோரும் சேர்ந்து செய்வோம்" என்று தீர்மானம் எழுதிய வேலைகள்தான் எப்போதும் கிடப்பில் கிடந்தன.

எனவே வேலைகளைப் பெயர் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினோம். இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு, அதற்கு ஒரு சின்னத் தொகை, அந்தத் தொகைக்குள் செயற்குழுவைக் கேட்காமலே செலவு செய்யும் அதிகாரம். இந்த அதிகாரத்துக்குத்தான் செயற்குழுவில் அதிக எதிர்ப்பு. பணம் வீணாகும் என்று பயந்தார்கள். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் ரசீதோடு கணக்கு வாசிக்கும் என்ற நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டார்கள். அந்த நிபந்தனையே நல்லதாக முடிந்தது. கணக்கு வாசிக்க வேண்டியவர் கூட்டத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்!

நிகழ்ச்சி நிரலையும் மாற்றினோம். முன்பு உறுப்பினர் பேச வாய்ப்பு "தலைவர் அனுமதியுடன் வேறு பொருள்கள்" என்ற கடைசி வரியில்தான் இருந்தது. அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். செயற்குழு முடிவெடுக்காத ஒரு விஷயத்தை முதல் பொருளாக வைத்தோம். புதியவர்கள் முதலில், மூத்தவர்கள் பிறகு, தலைவர் கடைசியில் என்று பேச்சு வரிசை. தலைவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் அதன் பிறகு விவாதம் நடக்காது.

கடினமானது, ஒருவர் ஒரு பதவியில் எவ்வளவு காலம் இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் துணைவிதித் திருத்தம். ஜனநாயகம் பேசும் கட்சிகளில்கூட அதிகாரம் சிலர் கைக்குள் போய்விடுகிறது என்று சமூகவியலாளர் ராபர்ட் மிக்கேல்ஸ் 1911-லேயே எழுதினார். தகவலும் நிர்வாக அனுபவமும் பதவியில் இருப்பவர்களிடமே சேர்ந்துவிடுகின்றன, மற்றவர்கள் அவர்களை நம்பியே இருக்க வேண்டியதாகிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. எங்கள் மூத்த நிர்வாகி ஒருவர் இந்தத் திருத்தத்தைக் கேட்டு மனம் நொந்துவிட்டார். சங்கத்துக்காக உழைத்த மனிதர் அவர். அவருடைய வருத்தம் நியாயமானதுதான். வீட்டுக்குப் போய் நிறைய நேரம் பேசினேன். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களில் தலைவர் ஆண்டுதோறும் மாறுவதையும், அடுத்த தலைவர் முன்கூட்டியே தேர்வாகி உடனிருந்து பழகுவதையும் விளக்கினேன். "அப்போ கோப்புகளை யார் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்டார். "நீங்கள்தான் ஐயா" என்றேன். பிறகு திருத்தத்தின் வாசகத்தை அவரே எழுதித் தந்தார். முன்னறிவிப்புக் கொடுத்து, சிறப்புப் பொதுக்குழு கூட்டி, மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு நிறைவேற்றினோம். அன்று கோரத்துக்காகக் காத்திருக்க வேண்டியே வரவில்லை.

அடுத்த தேர்தலில் செயலாளர் பதவிக்குப் போட்டி வந்தது. பிளவு வருமோ என்று சிலர் கவலைப்பட்டார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தோற்றவரை ஒரு சிறு குழுவுக்குப் பொறுப்பாளராக்கும்படி வென்றவரே முன்மொழிந்தார். பொருளாளர் பதவிக்கு மட்டும் இன்னும் யாரும் முன்வரத் தயங்குகிறார்கள். அந்த ஓய்வுபெற்ற கணக்காளர் இப்போது விருப்பமுள்ள இருவருக்கு மாதக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறார்.