இணையப் பள்ளி மாணவருக்கு நவம்பர் எஸ்.ஏ.டி.: நாட்குறிப்பு

ஆகஸ்ட் 25, 2025

அமெரிக்காவில் வீட்டிலிருந்தபடி இணையத்தில் உயர்நிலைப் பள்ளி படித்து, நவம்பர் 8 அன்று கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை எழுதப்போகும் பிள்ளைகளுக்காக இந்தக் குறிப்புகள். வழக்கமான பள்ளியில் ஆலோசகர் கவனித்துக்கொள்ளும் பல வேலைகள் இங்கே குடும்பத்தின் பொறுப்பு. பாடத்தில் தேறிய பிள்ளைகூட இந்த வேலைகளில் சறுக்குவது உண்டு.

வகுப்பு வீட்டில் நடந்தாலும் தேர்வு வீட்டில் நடக்காது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தேர்வு மையத்துக்குப் போகத்தான் வேண்டும். கட்டணம் 68 டாலர். பதிவுக்கு அக்டோபர் 24 வரை நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். கலிஃபோர்னியாவின் சில பகுதிகளில் அருகிலுள்ள மையங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும், பிறகு வேறு ஊருக்குப் பயணம்தான்.

பதிவில் ஆறு இலக்கப் பள்ளிக் குறியீடு கேட்பார்கள். 970000 என்பது பெற்றோரே வீட்டில் கற்பிக்கும் பிள்ளைகளுக்கானது. உங்கள் இணையப் பள்ளிக்குத் தனிக் குறியீடு இருந்தால் அதைத்தான் போட வேண்டும், இல்லையேல் மதிப்பெண் பள்ளிக்குப் போய்ச் சேராது.

செப்டம்பர் 4

அடையாள அட்டை. கைப்பேசித் திரையில் காட்டும் பள்ளி அட்டை செல்லாது, பல இணையப் பள்ளிகள் தருவதோ அது மட்டும்தான். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், மாநில அடையாள அட்டை இவற்றில் ஒன்று இருந்தால் போதும். எதுவும் இல்லையென்றால் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் மாணவர் அடையாளப் படிவத்தை நிரப்பி, புகைப்படம் ஒட்டி, பள்ளியின் முத்திரையோ நோட்டரியின் முத்திரையோ வாங்க வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும்.

தமிழ்க் குடும்பங்கள் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், பள்ளிக் கணக்கில் முதலெழுத்து மட்டும் இருக்கும். கொண்டுபோகும் அட்டையில் உள்ளபடியே பதிவிலும் பெயர் இருக்கட்டும்.

செப்டம்பர் 12

கூடுதல் நேரம் போன்ற சலுகை தேவைப்படும் பிள்ளைகளுக்கு: பரிசீலனை ஏழு வாரம் வரை ஆகலாம். நவம்பர் 8 முதல் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் 20, ஆகவே 19க்குள் விண்ணப்பித்துவிடுங்கள். வகுப்பாசிரியர் நேரம் கூட்டித் தருகிறார் என்பதால் இந்தத் தேர்விலும் தானாகக் கிடைத்துவிடாது. தனி அனுமதி வேண்டும்.

எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. தேர்வுக்கு இணையத்தில் நேரடிப் பதிவே கிடையாது. அக்டோபரில் பள்ளிகள்தான் நடத்துகின்றன. பக்கத்துப் பள்ளியின் ஆலோசகரிடம் ஓர் இடம் கேட்க வேண்டும். தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, ஆகவே இரண்டு மூன்று பள்ளிகளில் கேளுங்கள். 11ஆம் வகுப்பில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. தான் நேஷனல் மெரிட் உதவித்தொகைப் போட்டிக்கான வாசல். இதை விட்டுவிடாதீர்கள்.

செப்டம்பர் 29

தேர்வு புளூபுக் செயலியில் நடக்கிறது. விண்டோஸ், மேக் கணினிகளிலும் ஐபேடிலும் ஓடும். சொந்தமாக வாங்கிய குரோம்புக்கில் ஓடாது. பள்ளி நிர்வகிக்கும் குரோம்புக் என்றால், பள்ளியின் தொழில்நுட்பப் பிரிவு செயலியை முன்கூட்டியே ஏற்றித் தர வேண்டும். பள்ளி கொடுத்த விண்டோஸ் கணினியிலும் இதே சிக்கல் வரலாம், செயலி நிறுவும் உரிமை மாணவரிடம் இருக்காது. இந்த வாரமே நிறுவி, ஒரு மாதிரித் தேர்வைத் திறந்து பாருங்கள். கருவி இல்லாதவர்கள் காலேஜ் போர்டிடம் இரவல் கேட்கலாம், ஆனால் தேர்வுக்கு 30 நாள் முன்னதாகவே கேட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 11

மொழிப் பகுதி: இரண்டு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 27 கேள்விகள், 32 நிமிடம். 10 நிமிட இடைவேளைக்குப் பிறகு கணிதம்: இரண்டு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 22 கேள்விகள், 35 நிமிடம். முதல் தொகுதியில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது கடினமானதாகவோ எளிதானதாகவோ வரும். எளிதானது வந்துவிட்டால் உச்ச மதிப்பெண் கைக்கு எட்டாது. ஆகவே முதல் தொகுதியில் கவனக்குறைவால் விடும் பிழைக்குத்தான் விலை அதிகம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் காலியாக விடக் கூடாது.

கணிதத்தில் ஏறத்தாழ கால்வாசிக் கேள்விகளுக்கு விடையை நாமே தட்டச்ச வேண்டும். 2/3 என்ற விடைக்கு 0.667 ஏற்கப்படும், 0.67 தவறாகிவிடும். பின்னமாகவே எழுதிவிடுவது பாதுகாப்பு. மூன்றரையை 7/2 அல்லது 3.5 என்று எழுதுங்கள். 3 1/2 என்று அடிக்கப் போனால் 31/2 என்றுதான் பதிவாகும். டெஸ்மாஸ் கணிப்பான் செயலிக்குள்ளேயே இருக்கிறது. கையில் கொண்டுபோகும் கணிப்பானில் இயற்கணிதத்தைத் தானே சுருக்கும் வசதி இருந்தால், இந்த ஆகஸ்ட் முதல் அனுமதி இல்லை.

இணைய மாணவருக்கு ஒரு தனிப் பயிற்சி தேவை. காணொளியை நிறுத்தி நிறுத்திப் படித்துப் பழகியவர்கள் இவர்கள். மாதிரித் தேர்விலும் சேமித்துவிட்டு வெளியேறும் வசதி இருப்பதால் அதே பழக்கம் தொடர்கிறது. உண்மைத் தேர்வில் கடிகாரம் நிற்காது, சீக்கிரம் முடித்தாலும் நேரம் தீரும்வரை அடுத்த தொகுதி திறக்காது. சனிக்கிழமை காலை 8 மணிக்கு, நூலகத்தில், மற்றவர்கள் நடமாடும் இடத்தில், ஒரே மூச்சில் ஒரு முழுத் தேர்வு எழுதட்டும். தாளில் பேனாவால் கணக்குப் போடும் பழக்கமும் விட்டுப்போயிருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 22

மே மாதம் ஏ.பி. தேர்வு (கல்லூரித் தரப் பாடங்களுக்கானது) எழுத நினைப்பவர்கள் அதற்கான இடத்தையும் இப்போதே தேடுங்கள். நவம்பர் நடுவில் பள்ளிகள் வினாத்தாள் கோரிக்கையை முடித்துவிடும்.

நவம்பர் 3

தேர்வுக்கு ஐந்து நாள் முன்பு புளூபுக்கில் 'தேர்வு அமைப்பு' (exam setup) என்ற ஆயத்தப் படி திறக்கும். அதை முடித்தால்தான் நுழைவுச்சீட்டு வரும். அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 7

மின்னேற்றம் மூன்று நான்கு மணி நேரம் தாங்க வேண்டும், எல்லா மேசைக்கும் மின்செருகி இருக்காது. தேர்வின் நடுவே இணையம் அறுந்தால் பதற வேண்டாம், விடைகள் கணினியிலேயே சேமிக்கப்படுகின்றன. தொடங்கும்போதும் சமர்ப்பிக்கும்போதும்தான் இணைப்பு அவசியம். விடைகள் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் செய்தி வந்ததா என்று பார்த்துவிட்டே எழ வேண்டும். வரவில்லையென்றால் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள், வீடு திரும்பியதும் அதே கணினியை இணையத்தில் இணைத்துப் புளூபுக்கை மீண்டும் திறங்கள்.