நீல ஹோஸில் போன காற்று

அமெரிக்காவில் கனரக வண்டி ஓட்டும் உரிமத்துக்கான சிடிஎல் தேர்வு என்றால் எல்லாருக்கும் ரிவர்ஸ் எடுப்பதில்தான் பயம். என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது அதற்கும் முன்னால், வண்டி நின்ற இடத்தில் நிற்கும்போதே நடக்கும் ஏர் பிரேக் (காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்) சோதனைக்குத்தான். ரிவர்ஸில் பிசகினால் புள்ளி குறையும், முன்னால் இழுத்து மறுபடி எடுக்கலாம். ஏர் பிரேக்கில் ஒரு படி விட்டுப்போனாலே அன்றைய தேர்வு அங்கேயே முடிந்தது. யார்டுக்கும் ரோட்டுக்கும் போகவே விடமாட்டார்கள். டல்லாஸ் பக்கம் ஏ வகுப்பு உரிமம் (பெரிய டிரெய்லர் வண்டிக்கானது) எடுத்து இப்போது கையில் வைத்திருக்கிறேன். ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

எழுத்துத் தேர்வு, சிஎல்பி என்ற பழகுநர் அனுமதி, பயிற்சிப் பள்ளி எல்லாம் ஒழுங்காகவே போயின. சிஎல்பி வாங்கி 14 நாள் ஆகாமல் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு கிடையாது.

முதலில் அலைய வைத்தது மருத்துவச் சான்று. 2025 ஜூன் 23 முதல் டாக்டரே ரிசல்ட்டை இணையம் வழியாக அனுப்ப வேண்டும், அது நம் ஓட்டுநர் பதிவில் தானாக ஏற வேண்டும் என்று விதி மாறியது. ஏறுவதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. உரிம அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மா நான் நீட்டிய காகிதத்தைத் தொடக்கூட இல்லை. "சிஸ்டத்தில் இல்லை" என்றார், அடுத்தவரைக் கூப்பிட்டார். லீவு போட்டுவிட்டுப் போன நாள் அது. ஆகவே தேர்வுக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் போன் செய்து, மருத்துவச் சான்று பதிவில் ஏறிவிட்டதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏர் பிரேக்குக்கு வருவோம். பள்ளியில் 'லேப்' என்று சொல்லிக் கொடுப்பார்கள்: லீக், அலாரம், பட்டன். வரிசை அதுதான். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, காற்றை நிரப்பி, கவர்னர் கட் அவுட் ஆகும்வரை, அதாவது காற்று ஏற்றுவது தானாக நிற்கும்வரை, காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் 120க்கும் 140 பிஎஸ்ஐக்கும் (காற்றழுத்த அளவு) நடுவில் எங்காவது வெட்டும். ஏர் டிரையர் 'புஸ்' என்று ஒரு மூச்சு விடும், அதுதான் அடையாளம். இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து, இரண்டு குமிழ்களையும் உள்ளே தள்ள வேண்டும். மஞ்சள் டிராக்டருக்கு (முன்னால் இழுக்கும் டிரக்), எட்டு மூலைச் சிவப்பு டிரெய்லருக்கு. பிறகு கால் பிரேக்கை முழுக்க மிதித்து ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். மிதித்தவுடன் வரும் முதல் இறக்கம் கணக்கில் இல்லை. அதற்கப்புறம் ஒரு நிமிடத்தில் தனி வண்டி என்றால் 3 பிஎஸ்ஐ, டிரெய்லரோடு என்றால் 4 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது.

இதை ஆங்கிலத்தில் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். மொழிபெயர்ப்பாளரை அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். பள்ளியில் பாதிப் பேருக்கு ஒப்பிப்பதுதான் சோதனை. வாய் ஓடும், கண் காற்றழுத்த மீட்டரின் ஊசியில் இருக்காது. வாத்தியாரும் "டயலாக் சரியாக வந்தால் பாஸ்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய் என்று தேர்வு மையத்தில் தெரிந்தது.

அன்று காலையில் பள்ளி ஆள், நான் பழகிய டிரெய்லரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, ஓரத்தில் கிடந்த இன்னொன்றை மாட்டிக் கொடுத்தார். டிரெய்லருக்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸ்களைத் தடவிப் பார்த்தேன், காது வைத்துக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை. மையத்தில் வெளிப்பகுதி நன்றாகவே போனது: ஸ்லாக் அட்ஜஸ்டரை (பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் கை) பிரேக் விடுவித்த நிலையில் கையால் இழுத்தால் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது, பிரேக் லைனிங் கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அது இது எல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு கேபினுக்குள் ஏறி மிதித்தேன். ஊசி முதலில் 112க்கு இறங்கியது. அங்கேயே நிற்க வேண்டியது. நிற்கவில்லை. 110, 108, கண்ணெதிரே வழுக்கிக்கொண்டே போகிறது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, 105. பக்கத்து சீட்டில் இருந்த தேர்வாளர் பேனாவை மூடினார்.

கீழே இறங்கி, மறுபடி மிதிக்கச் சொன்னார். கேபினுக்குப் பின்னாலிருந்து சீறல் சத்தம். நீல ஹோஸ் டிரெய்லரோடு சேரும் இணைப்பான கிளாட் ஹேண்டில் இருக்கும் வட்ட ரப்பர் ஒரு ஓரத்தில் வெடித்திருந்தது. நகத்தால் நெம்பினால் பிய்ந்து வரும் அளவுக்குக் காய்ந்து போயிருந்தது.

காலையில் நான் கேட்டபோது ஏன் சத்தம் வரவில்லை? இதை எந்தப் பள்ளியிலும் அழுத்திச் சொல்வதில்லை. சிவப்பு ஹோஸ் எமர்ஜென்சி லைன், குமிழைத் தள்ளியதும் அதில் எப்போதும் காற்று இருக்கும். நீலம் சர்வீஸ் லைன், பிரேக்கை மிதிக்கும்போது மட்டும்தான் அதில் காற்று போகும். மிதிக்க ஆள் இல்லாமல் வெளியே நின்று காது வைத்தால் நீலத்தில் ஓட்டை இருந்தாலும் தெரியாது. அதுவும் சிவப்புக் குமிழ் வெளியே இழுத்த நிலையில் இருந்தால் எவ்வளவு மிதித்தாலும் டிரெய்லர் பக்கம் ஒன்றும் போகாது. ஆகவே கட்டை போட்டு, இரண்டு குமிழையும் தள்ளி, ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று கேட்க வேண்டும். ஒரு கூட்டாளியைக் கையோடு கூட்டிப் போங்கள்.

பள்ளிக்காரர்கள் சொன்ன பதில்தான் எரிச்சலின் உச்சம். "வண்டியைச் சரிபார்ப்பது டிரைவர் பொறுப்பு. நீதானே டிரைவர்?" தேர்வுக்குப் பிறகுதான் நான் டிரைவர், அதற்கு முன்னால் பணம் கட்டிய மாணவன் என்று சொன்னேன். சிரித்தார்கள். மறு தேர்வுக்கு மறுபடி கட்டணம், வண்டிக்கு மறுபடி வாடகை.

இதற்கிடையில் 55ஆ 60ஆ என்று ஒரு சண்டை. லீக் முடிந்ததும் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டுக் காற்றைக் குறைப்போம் அல்லவா, அப்போது எச்சரிக்கை மணி எந்த அளவுக்குள் அடிக்க வேண்டும்? பழைய ஜெராக்ஸ் நோட்டில் 60, பக்கத்து மாணவரின் வீடியோவில் 55. இரண்டும் காற்றில் வந்த எண் அல்ல. வண்டி தயாரிப்பவர்களுக்கான மத்தியத் தரவிதி 60 பிஎஸ்ஐ என்கிறது. சாலையில் ஓடும் வண்டிகளுக்கான விதி 55, அல்லது கட் அவுட் அழுத்தத்தில் பாதி, எது குறைவோ அது என்கிறது. வாயால் சொல்லும்போது உங்கள் மாநிலக் கையேட்டின் இப்போதைய பதிப்பில் எது இருக்கிறதோ அதையே சொல்லுங்கள். வீடியோக்காரர் வேறு மாநிலத்தில் இருப்பார்.

அடுத்த முறை போனபோது சட்டைப் பையில் நான்கு புது ரப்பர் இருந்தது. டிரக் உதிரி பாகக் கடையில் ஒரு காபி விலைக்குக்கூட வராது. பள்ளி யார்டிலேயே பழைய ரப்பரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புதியதை அமுக்கி வைத்தேன். கூட வந்த ஆந்திரத் தம்பி உள்ளே மிதித்தார், நான் பின்னால் நின்று கேட்டேன். சத்தமே இல்லை. பள்ளி ஆள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை.

தேர்வில் இந்த முறை ஒப்பிக்கவில்லை, பார்த்ததைச் சொன்னேன். "இப்போது 114, முப்பது வினாடி ஆகிறது, 113, ஒரு நிமிடம், 113, இழப்பு ஒரு பிஎஸ்ஐ, வரம்புக்குள்." முழு நிமிடமும் தொடை நடுங்கியது உண்மை. மிதியைக் கொஞ்சம் தளர்த்தினால் ஊசியும் ஆடும், சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்தால் பிடிப்பது சுலபம். மணி 70ஐத் தொடும்போதே அலறிவிட்டது. அப்புறமும் மிதித்துக்கொண்டே இருந்தேன். 20க்கும் 45க்கும் நடுவில் குமிழ்கள் தாமாக வெளியே வர வேண்டும். முப்பத்தைந்தை ஒட்டி சிவப்பு 'டப்', அடுத்த மிதியில் மஞ்சள் 'டப்'. அந்தச் சத்தத்துக்கு நான் உள்ளுக்குள் விசில் அடித்தேன். தேர்வாளர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, தாளில் டிக் மட்டும் விழுந்தது.

மீண்டும் ஸ்டார்ட் செய்து காற்றை ஏற்றும்போது 85இலிருந்து 100க்கு 45 வினாடிக்குள் வருகிறதா என்பதையும் சொல்லிவிட்டேன். பார்க்கிங் பிரேக்கை இழுத்துப் பார்ப்பது, 5 மைல் வேகத்தில் மிதித்துப் பார்ப்பது எல்லாம் சுலபம். ஒன்று மட்டும்: வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் கட்டையை எடுத்தீர்களா என்று பாருங்கள். எனக்கு முன்னால் போனவர் லேப் முழுவதும் பிரமாதமாகச் செய்துவிட்டு, கட்டை மேலேயே ஏற்றினார்.

காசை மிச்சம்பிடிக்க ஏர் பிரேக் இல்லாத சின்ன வண்டியில் தேர்வு கொடுக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். உரிமத்தில் 'எல்' கட்டுப்பாடு விழும், ஏர் பிரேக் வண்டியைத் தொட முடியாது. பெரிய டிரக் எதிலும் வேலை கிடைக்காது.

முதல் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுப் பள்ளிக்கு அனுப்பிய மின்னஞ்சலோடு, அந்த வெடித்த ரப்பரின் படத்தையும் இணைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.