கிவிப் பந்தலில் காய்த்தது வேறு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய ஜி.ஐ. பைப்பில் ஒரு பந்தல் நிற்கிறது. சின்ன கிவிக்காகப் போட்டது. திராட்சை அளவு பழம், தோலோடு வாயில் போட்டுக்கொள்ளலாம். மைனஸ் 30 டிகிரியைக்கூடத் தாங்கும் கொடி என்று படித்ததும், நம் வெயில் அதை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். தப்பு அங்கேதான். அதற்குக் குளிர் கட்டாயம் வேண்டும். இலை உதிர்த்துப் பல வாரம் தூங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும்.

விதையை ஈர டிஷ்யூவில் சுற்றி, ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் இரண்டு மாதம் வைத்து முளைக்க வைத்தேன். சரி, வளர்ந்த கொடியை எந்த ஃபிரிட்ஜில் வைப்பது? முழங்கால் உயரத்தில் நின்று, இலை ஓரமெல்லாம் கருகிப் போய்விட்டது.

பந்தல் சும்மா கிடக்க வேண்டாமே என்று, தோட்டத்து லயத்தில் அத்தை வீட்டு மஞ்சள் மார்கிசாவில், அதாவது பேஷன் ஃபுரூட் கொடியில், மூன்று தண்டு வெட்டி ஊன்றினேன். எட்டே மாதத்தில் பந்தல் நிறையப் பூ. ஒரு பிஞ்சுகூட இல்லை! மூன்றும் ஒரே தாய்க்கொடியின் தண்டு; மஞ்சள் வகை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. கிவியிலாவது ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி என்று தெரிந்திருந்தேன். இதில் ஏமாந்தேன்.

இரண்டு தெரு தள்ளி ஓர் அக்கா வீட்டு வேலியிலும் மார்கிசா உண்டு. விஷயத்தைச் சொன்னதும், "மாப்பிள்ளை எடுக்க வந்தியா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே நான்கு பூ கொடுத்தார்.

பூ மதியம்தான் விரியும். நடுவில், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் மூன்று சூல்முடிகள் முதலில் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் மெல்ல வளைந்து கீழே இறங்கும். இறங்கிய பிறகு அக்கா வீட்டுப் பூவின் மகரந்தத்தை அதில் தடவினேன். கடைசிவரை வளையாத பூக்களில் தடவுவது வீண்வேலை. தடவியதும் மழை பிடித்தாலும் போச்சு. நம்மூரில் மூன்று மணி மழைக்கு யார் உத்தரவாதம்?

14 பூவில் 9 பிடித்தது. இப்போது கோழிமுட்டை அளவு, பச்சை. பழுத்தால் தானே விழும் என்பதால் பறிக்கவில்லை. பந்தலுக்குக் கீழே பழைய வலை கட்டியிருக்கிறேன். முதல் பழம் அக்காவுக்கு.